கிடார்ல சவுண்ட் கட் ஆகுதா? பிக்கப்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இதுதான்: "அண்ணா, வாசிச்சிட்டே இருக்கும்போது சவுண்ட் நின்னுடுது, ஒரு தட்டு தட்டினா திரும்ப வருது, பிக்கப் போயிடுச்சா?" பெரும்பாலும் போயிருக்காதுப்பா. எடுத்த எடுப்புலயே இதைச் சொல்லிடுறேன், ஏன்னா இந்த பயத்துல தான் நிறைய பேர் தேவையே இல்லாம காசை விடுறாங்க.

பிக்கப்னா கிடார் கம்பி அதிர்றதை மின் சிக்னலா மாத்துற பார்ட், அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. காந்தம், அதைச் சுத்தி 7000, 8000 சுத்து மெல்லிசான செம்புக் கம்பி, கம்பி ஆடாம இருக்க சிலதுல மெழுகு ஊத்தியிருப்பாங்க, அவ்வளவுதான். அசையுற பார்ட் ஒண்ணு கூட கிடையாது. சவுண்ட் ஒரேயடியா போகாம வந்து வந்து போகுதுன்னா எங்கயோ ஏதோ அசையுதுன்னு அர்த்தம், அப்போ அசையுற இடத்துல தான் தேடணும். கிடார்ல அசையுற இடம் எதெல்லாம்? பிளக் சொருகி சொருகி எடுக்கிற ஜாக், ஆம்ப்ளிஃபயருக்கு (ஆம்ப்) போற, கால்ல மிதிபடுற கேபிள், பிக்கப் மாத்துற சுவிட்ச், வால்யூம் டோன் திருகுற பாட், அப்புறம் இதுங்களோட சேர்ந்து ஆடுற சால்டரிங் (ஈயத்தால ஒட்டின ஒயர் இணைப்பு). சம்பந்தமே இல்லாம பிக்கப் மேல பழி போடுறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

ஒரு கேஸ் சொல்றேன். ராயபுரத்துல ஒரு தம்பி, காலேஜ் படிக்கிறான், லைட் மியூசிக் குரூப்ல லீட் கிடார். சென்னைல ஆடி மாசம்னா உங்களுக்கே தெரியும், அம்மன் கோயில் இருக்கிற தெருவெல்லாம் கூழ் ஊத்தி ராத்திரி மேடை போட்டு கச்சேரி வைப்பாங்க, அந்த சீசன்ல தான் இந்த பசங்க கையில நாலு காசு பாக்குறது. இவனுக்கு என்ன பிரச்சனைன்னா வீட்ல உக்காந்து மணிக்கணக்கா வாசிச்சாலும் ஒண்ணும் ஆகாது, மேடை ஏறி பெல்ட்டை மாட்டி நின்னு வாசிச்சா ரெண்டாவது பாட்டு மூணாவது பாட்டுலயே சவுண்ட் சுத்தமா போயிடும். ஒரு கடைல காமிச்சிருக்கான், மூணு பிக்கப்பும் போயிடுச்சு செட்டா மாத்தணும்னு சொல்லி ஒரு ரேட்டும் சொல்லிட்டாங்க. அவன் ஒரு புரோகிராமுக்கு வாங்குறதை விட பல மடங்கு. எனக்கு அதைக் கேட்டதும் மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா மூணு பிக்கப்பும் ஒரே நேரத்துல போறது, அதுவும் நின்னா போயி உக்காந்தா சரியாகுறது, நடக்கவே நடக்காத விஷயம்.

நான் அவன்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கட் ஆகும்போது ஆம்ப்ல இருந்து என்ன சத்தம் வருது?"

"ஒண்ணுமே வராதுண்ணா, ஆஃப் பண்ணின மாதிரி சைலன்ட் ஆயிடும்."

பாதி பதில் இதுலயே இருக்கு. சவுண்ட் போறதுல மூணு விதம் உண்டு, காதை வச்சே பிரிச்சுடலாம். "ம்ம்ம்ம்"னு பெருசா ஹம் வந்து கிடார் சவுண்ட் மட்டும் காணோம்னா எர்த் ஒயர் விட்டுப்போச்சு, அதாவது பிளக்கோட உடம்புப் பகுதிக்குப் போற லைன். ஹம் பெருசா இல்லாம லேசா "ஸ்ஸ்"னு இரைச்சல் மட்டும், கையை கேபிள் கிட்ட கொண்டு போனா கொஞ்சம் கூடுது குறையுதுன்னா ஹாட் லைன், அதாவது பிளக் நுனிக்குப் போற சிக்னல் லைன், எங்கயோ அந்துருக்கு, கேபிள் வெறும் ஆன்டெனா மாதிரி தொங்கிட்டு இருக்கு. ஹம்மும் இல்ல இரைச்சலும் இல்ல, சுத்தமான அமைதின்னா ஹாட் லைன் போயி எர்த்தைத் தொடுது, ஷார்ட். இந்தத் தம்பிக்கு மூணாவது. அந்து போன இடத்தைத் தேட வேண்டாம், ஒண்ணை ஒண்ணு தொடுற இடத்தைத் தேடணும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. (ஆம்ப்லயே கோளாறுன்னாலும் இப்படி முழு அமைதி வரலாம், அதனால அதையும் விலக்கிடணும், கீழ சொல்றேன்.)

கிடாரைத் திறக்கிறது கடைசி வேலை, வெளிய இருந்து உள்ள வாங்க. கால்ல மிதிச்சு சவுண்டை மாத்துற பெடல், பிராசஸர், வயர்லெஸ் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே ஒரு கேபிள், ஒரு பக்கம் கிடார் இன்னொரு பக்கம் ஆம்ப். இப்போ பிரச்சனை வரலைன்னா கிடார் மேல குத்தம் இல்ல, நடுவுல இருந்த ஏதோ ஒண்ணு. பெடல் போர்டுல பெரும்பாலும் பெடலுக்குப் பெடல் இணைக்கிற அந்த சின்னச் சின்ன பேட்ச் கேபிள் தான், அடுத்து கால் சுவிட்ச், அடுத்து பவர். நாலஞ்சு பெடலை ஒரே அடாப்டர்ல சங்கிலியா கோத்து வச்சிருப்பாங்க, அதுல ஒரு டிஜிட்டல் டிலேயோ ரிவெர்போ இருந்தா அது ஒண்ணே 100 மில்லிஆம்பியருக்கு மேல கூட இழுக்கலாம், அடாப்டர் தாங்காம அப்பப்போ பெடல் செத்து செத்து எந்திரிக்கும். சவுண்ட் ஒரு அளவுக்குக் கீழ போனா அடைச்சுடுற நாய்ஸ் கேட் போட்டிருந்தா அதையும் ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பாருங்க, அளவு அதிகமா வச்சுட்டா நீட்டி விடுற நோட் பாதியிலேயே அறுந்துடும், அது ரிப்பேரே இல்ல, செட்டிங். 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் வச்சிருக்கவங்க கேபிள் போட்டு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, வைஃபையும் அதே அலைவரிசைல தான் ஓடுது, கூட்டம் அதிகமான இடத்துல அடிபடும்.

கேபிள் மாத்திப் பாக்கும்போது ஒரு விஷயம். மைக் செட்காரர் கிட்ட கடன் வாங்கின கேபிளை வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, நல்லா இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச கேபிளா இருக்கணும். கேபிள் நடுவுல அந்து போறது கம்மி, பிளக்குக்கு உள்ள நுழையுற கழுத்துப் பகுதில தான் மடங்கி மடங்கி அந்து போகும். வாசிக்காம ஒரு கம்பியை மட்டும் அடிச்சு விட்டுட்டு அந்தக் கழுத்தை லேசா நாலு பக்கமும் வளைச்சுப் பாருங்க, கொரகொரன்னா கேபிள் தான். மூடியைத் திருகித் திறக்கிற பிளக்கா இருந்தா உள்ள ரெண்டு இன்ச் வெட்டிட்டு புதுசா சால்டர் பண்ணிக்கலாம், ரப்பரோட ஒட்டி வார்த்த பிளக்கா இருந்தா வெட்டி எறிஞ்சுட்டு நல்ல பிளக் ஒண்ணு வாங்கிப் போடுங்க. கேபிளை கிடார் பெல்ட்டுக்கு உள்ள ஒரு சுத்து விட்டு சொருகுற பழக்கம் வச்சுக்கோங்க, யாராவது கேபிளை மிதிச்சா இழுப்பு பெல்ட்டுல நிக்கும், ஜாக்குக்குப் போகாது.

ஆம்ப் பக்கம் ஒரு தந்திரம் இருக்கு, தெரியாதவங்க நிறைய பேர். பின்னாடி எஃபெக்ட்ஸ் லூப்னு சென்ட், ரிட்டர்ன் ரெண்டு ஜாக் இருந்தா ஒரு சின்ன கேபிளை எடுத்து சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு சொருகுங்க. சவுண்ட் உடனே முழுசா வந்துட்டா பிரச்சனை ஆம்ப்போட அந்த ரிட்டர்ன் ஜாக்ல. நிறைய ஆம்ப்ல அந்த ஜாக்குக்குள்ள ஒரு தகடு இருக்கும், ஒண்ணும் சொருகாதப்போ அந்தத் தகடு வழியாத்தான் ப்ரீஆம்ப்ல இருந்து பவர் ஆம்ப்புக்கு சிக்னல் போகுது. வருஷக்கணக்கா யாரும் அந்த ஓட்டையைத் தொடாம விட்டா தகடுல களிம்பு ஏறிடும், சவுண்ட் கம்மியாகி கட் ஆகும், திடீர்னு ஒரு பெரிய கார்டு அடிச்சா திரும்ப வரும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிளக்கை பத்து இருபது தடவை சொருகி எடுத்தா சரியாயிடும். சின்ன பிராக்டிஸ் ஆம்ப்ல ஹெட்போன் ஜாக்கும் இதே கதை, ஹெட்போன் சொருகினா ஸ்பீக்கரை ஆஃப் பண்றதும் இதே மாதிரி ஒரு தகடுதான். ஆனா உள்ள கண்ணாடி டியூப் இருக்கிற வால்வ் ஆம்ப்னா வெளிய இருந்து செய்யுறதோட நிறுத்திக்கோங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல 400 வோல்ட் மாதிரி தங்கியிருக்கும், தெரிஞ்சவங்க தான் திறக்கணும்.

இதெல்லாம் பாத்து முடிச்சும் கட் ஆகுதுன்னா கிடார் தான். இப்பவும் திறக்க வேண்டாம். ஆம்ப் வால்யூமைக் கம்மியா வச்சு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால பிக்கப் மேல இருக்கிற அந்த ஆறு உலோகப் புள்ளியை லேசாத் தட்டுங்க, சுவிட்சை அந்தந்த பிக்கப்புக்கு மாத்தி வச்சுக்கிட்டு. டொக் டொக்னு தெளிவா வந்தா பிக்கப் உயிரோட இருக்கு. ஹம்பக்கர்னா (ரெண்டு காயில், அதாவது ரெண்டு கம்பிச் சுத்து, சேர்ந்த பிக்கப்) ரெண்டு காயிலையும் தனித்தனியா தட்டிப் பாக்கணும், ஒரு பக்கம் மட்டும் மந்தமா இருந்தா ஒரு காயில் போயிருக்கலாம், அப்போ சவுண்ட் கட் ஆகாது, மெலிஞ்சு போயி வரும்.

அடுத்து மல்டிமீட்டர். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைல கூட கிடைக்குமே அந்த மஞ்ச கலர் சின்ன மீட்டர், அது போதும். கேபிளோட ஒரு முனை கிடார்ல சொருகியிருக்கட்டும், இன்னொரு முனையை ஆம்ப்ல இருந்து எடுத்துட்டு மீட்டரோட சிவப்பு முனையை பிளக் நுனியிலயும் கருப்பு முனையை பிளக் உடம்புலயும் வைங்க. மீட்டர் 20கே (20,000 ஓம்) ரேஞ்ச்ல, கிடார் வால்யூம் ஃபுல்லா. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) மாதிரி சிங்கிள் காயில் கிடார்னா 6 கிலோ ஓம் பக்கத்துல காட்டும், ஹம்பக்கர்னா 7ல இருந்து 9 வரைக்கும் சகஜம், அதிக அவுட்புட் தர்ற பிக்கப்னா இன்னும் மேல. அஞ்சு இடம் இருக்கிற சுவிட்ச்ல ரெண்டாவது நாலாவது இடத்துல ரெண்டு பிக்கப் பேரலல்ல சேருறதால பாதியா குறைஞ்சு 3 பக்கம் காட்டும், பயப்படாதீங்க, அது சரிதான். டோன் நாப் எங்க இருந்தாலும் ரீடிங் மாறாது, ஏன்னா டோன் லைன்ல இருக்கிற கெப்பாசிட்டர் மீட்டர் கரண்ட்டை விடாது.

இந்த ஒரு ரீடிங்ல எவ்வளவு விஷயம் தெரியுது தெரியுமா. 6 காட்டிட்டு ஆடாம நின்னா அந்தப் பிக்கப், சுவிட்ச், பாட், ஜாக், கேபிள் எல்லாமே அந்த நிமிஷத்துக்கு நல்லா இருக்கு. மீட்டர் இடது ஓரத்துல வெறும் 1 காட்டினா ரேஞ்சை 2000கேக்கு மாத்துங்க, 250 பக்கத்துல வந்தா அது வால்யூம் பாட்டோட மதிப்பு, அதாவது ஜாக்ல இருந்து பாட் வரைக்கும் லைன் சரி, பாட்டுக்கும் பிக்கப்புக்கும் நடுவுல தான் எங்கயோ விட்டுருக்கு, முதல் சந்தேகம் சுவிட்ச். ஹம்பக்கர் கிடார்ல பாட் 500கே இருக்கும், அப்போ 500 பக்கம் காட்டும், பாட்ல மேல கீழ 20 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் சாதாரணம். 2000கேலயும் 1னே நின்னா ஜாக்லயோ கேபிள்லயோ அந்துருக்கு. 0 காட்டினா ஷார்ட். வால்யூமை முழுசா கீழ இறக்கினாலும் 0 தான் காட்டும், அதனால வால்யூம் மேல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. இதெல்லாம் பாக்க கிடார்ல ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட வேண்டியதில்ல.

தம்பி கிடார்ல மூணு பிக்கப்பும் 6க்கு கொஞ்சம் மேல, ஒவ்வொண்ணும் அழகா காட்டுச்சு. "இதைத்தான் போயிடுச்சுன்னு சொன்னாங்களா"ன்னு அவன் மீட்டரையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் மீட்டர் முனையை அவனையே பிடிச்சுக்கச் சொல்லிட்டு, கிடார்ல சொருகியிருந்த பிளக்கை நின்னு வாசிக்கும்போது கேபிள் தொங்குமே அந்த மாதிரி கீழ் பக்கமா லேசா இழுத்துத் திருப்பினேன். 6 இருந்த இடத்துல டக்குனு 0.00. விட்டா 6. திருப்பினா 0.00. இடம் கிடைச்சிடுச்சு.

அவனோடது ஸ்ட்ராட் டைப். ஸ்ட்ராட்ல ஜாக் இருக்கிறது முன்பக்கம் சாய்வா இருக்கிற அந்த படகு மாதிரி உலோகத் தட்டுல, ரெண்டே ஸ்க்ரூ தான், கம்பியைத் தளர்த்த வேண்டாம், பிக்கார்டை (பிக்கப்பைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் தட்டு) தூக்க வேண்டாம். கழட்டி வெளிய எடுத்துப் பாத்தா பள்ளம் முழுக்க பளபளன்னு செம்புத் தகடு ஒட்டியிருந்துச்சு. இரைச்சல் குறையணும்னு எப்பவோ யாரோ ஷீல்டிங் பண்ணியிருக்காங்க, வேலை சுத்தமான வேலைதான், தகடுக்கு எர்த்தும் சரியா கொடுத்திருக்காங்க. ஆனா அந்தப் பள்ளம் ரொம்ப குறுகல், ஜாக்கோட நட்டு லூஸ் ஆகி ஜாக் முழுசா சுத்த ஆரம்பிச்சதும் ஹாட் ஒயரை சால்டர் பண்ணியிருக்கிற காது, அதாவது ஜாக்கோட நீட்டின உலோக முனை, போயி தகடை உரசுது. உரசின இடத்துல செம்பு மேல சின்னதா ஒரு கீறல், அந்தக் காதோட மூக்கு அளவுக்கு, டார்ச் அடிச்சா நல்லாத் தெரிஞ்சுது. உக்காந்து வாசிக்கும்போது கேபிள் தொடை மேல கிடக்கும், ஜாக்குக்கு பாரம் இல்ல. நின்னா கேபிள் எடை முழுசா பிளக்கைக் கீழ இழுக்கும், ரெண்டு மூணு பாட்டுக்கு ஆடி அசைஞ்சா ஜாக் திரும்பி காது தகட்டைத் தொடும், ஷார்ட், அமைதி. வீட்ல வராம மேடைல மட்டும் வந்ததுக்கு இதுதான் காரணம்.

சரி பண்ணினது ரொம்ப சிம்பிள். ஜாக்கைத் திருப்பி காது பள்ளத்தோட அகலமான பக்கம் பாக்குற மாதிரி வச்சு, அந்தக் காது மேல ஹீட் ஸ்லீவ் ஒண்ணு போட்டு, எதிர்ல இருக்கிற செம்புத் தகடு மேல கருப்பு இன்சுலேஷன் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டி, நட்டுக்குக் கீழ பல்லு வச்ச வாஷர் போட்டு டைட் பண்ணினோம். நட்டை டைட் பண்ணும்போது ஜாக் உடம்பை உள்ள இருந்து கையால பிடிச்சுக்கணும், இது ரொம்ப ரொம்ப முக்கியம். வெளிய இருந்து ஸ்பேனரை மட்டும் போட்டுத் திருகினா உள்ள ஜாக்கும் சேர்ந்து சுத்தி ரெண்டு ஒயரும் முறுக்கிக்கும், கொஞ்ச நாள்ல அந்து போகும். ஸ்விட்ச்கிராஃப்ட் மாதிரி ஜாக்குக்கு நட்டு அரை இன்ச், 13ம் நம்பர் ஸ்பேனர் ஓரளவு உக்காரும், கட்டிங் பிளேயரால கடிச்சுத் திருகாதீங்க, தட்டு பூரா கீறல் ஆயிடும். அடுத்த வாரம் வியாசர்பாடில புரோகிராம், முடிச்சுட்டு ராத்திரி ஒரு மணிக்கு "ஒரு தடவை கூட கட் ஆகலண்ணா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பினான்.

ஜாக் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இங்கதான் பிரச்சனை. இந்த 6.35 எம்எம் பிளக் கிடாருக்காகப் பொறந்தது இல்ல, 19ம் நூற்றாண்டுல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுல லைன் மாத்தி மாத்தி சொருகுறதுக்குப் பொறந்தது. நேரா சொருகி நேரா எடுக்கிறதுக்கு அருமையான டிசைன், ஆனா ஒரு ஆள் இதை இடுப்புல தொங்க விட்டுட்டு மூணு மணி நேரம் ஆடுவான்னு அப்போ யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. ஜாக்குக்குள்ள நீளமா ஒரு தகடு வளைஞ்சு நிக்கும், பிளக் நுனில இருக்கிற பள்ளத்துல அது கொக்கி போட்டு உக்காரணும், சொருகும்போது ஒரு "டக்" கேக்கும், அது நல்ல ஜாக். அந்த டக் இல்லாம வழவழன்னு உள்ள போகுதுன்னா தகடு தளர்ந்து போச்சு. பிளக்கை எடுத்துட்டு தகடை விரலால உள்பக்கமா ஒரு துளி வளைச்சு விடுங்க, துளி தான், அழுத்தி வளைச்சா உடைஞ்சுடும். களிம்பு இருந்தா கான்டாக்ட் கிளீனர்ல நனைச்ச பட்ஸால துடைங்க. சில கிடார்ல பக்கவாட்டுல நீளக் குழாய் மாதிரி மூடின ஜாக் இருக்கும், அதை உள்ள கை விட்டு சரி பண்ண வழியே இல்ல, புதுசு போட்டுடுங்க, பெரிய விலை இல்ல.

ராயபுரம், காசிமேடு, பெசன்ட் நகர், இந்த மாதிரி கடல் பக்கத்துல இருக்கவங்களுக்கு சுவிட்சும் பாட்டும் சீக்கிரமே கொரகொரக்கும், உப்புக் காத்து எந்த வெள்ளி முலாமையும் விடாது. பாட்ல மூணு காலுக்கு மேல ஒரு சின்ன இடைவெளி தெரியும், கிளீனரோட மெல்லிசான குழாயை அங்க வச்சு ஒரு சின்ன ஸ்ப்ரே, உடனே நாபை முழுசா இந்தக் கோடி அந்தக் கோடி இருபது முப்பது தடவை திருகணும், திருகாம விட்டா அழுக்கு அங்கயே தான் இருக்கும். கதவு கீலுக்கு அடிக்கிற சாதா எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கி தூசியைப் பிடிச்சு வைக்கும். சுவிட்ச் வெளிய தகடு தெரியுற மாதிரி திறந்த டைப்னா நல்லா துடைக்கலாம், டப்பா மாதிரி மூடினதுன்னா ஸ்ப்ரே அடிச்சுப் பாத்துட்டு கேக்கலைன்னா மாத்திடுங்க. லெஸ் பால் கிடார்ல வர்ற டைப் டாகிள் சுவிட்ச்ல ரெண்டு தகடுக்கு நடுவுல கெட்டியான பேப்பர் துண்டை கிளீனர்ல நனைச்சு விட்டு இழுங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, முலாம் போயி இன்னும் மோசமாகும். சுவிட்ச்னு சொன்னதும் ஞாபகம் வருது, 1954ல ஸ்ட்ராட் வந்தப்போ மூணு இடம் சுவிட்ச் தான், அஞ்சு இடம் சுவிட்சை ஃபெண்டர் கம்பெனியே போட ஆரம்பிச்சது 1977ல, அதுவரைக்கும் வாசிக்கிறவங்க லீவரை ரெண்டு இடத்துக்கு நடுவுல நிறுத்திப் பிடிச்சு அந்த சவுண்டை எடுத்திருக்காங்க. உங்க சுவிட்ச் ஒரு இடத்துல மட்டும் கட் ஆகி லீவரை லேசா ஒரு பக்கம் தள்ளினா வருதுன்னா தகடு தேய்ஞ்சிருக்கு, அல்லது சுவிட்சைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ லூஸ்.

டிரை சால்டர், அதாவது சரியா பிடிக்காத சால்டர், இன்னொரு பெரிய வில்லன். நல்ல சால்டர் பளபளன்னு காலைச் சுத்தி சரிஞ்சு உக்காந்திருக்கும், டிரை சால்டர் மங்கலா உருண்டையா நிக்கும், சிலதுல சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல் தெரியும். ஒரு குச்சியால, மரக்குச்சி தான், உலோகம் வேண்டாம், ஒவ்வொரு ஒயரையும் ஆம்ப் ஆன்ல இருக்கும்போது லேசா தள்ளிப் பாருங்க, எதைத் தொட்டா கட் ஆகுதோ அதுதான். (பேட்டரி இல்லாத சாதா கிடார்ல உள்ள இருக்கிறது பிக்கப் உண்டாக்குற சின்ன சிக்னல் மட்டும் தான், ஆம்ப்போட எர்த் ஒழுங்கா இருந்தா ஷாக் பயம் இல்ல.) சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனீங்கன்னா 60/40 ஈயம், உள்ள ரோசின் இருக்கிறதா கேட்டு வாங்குங்க, 25 வாட் சால்டரிங் ஐயன் ஜாக்குக்கும் சுவிட்சுக்கும் தாராளம். பாட்டோட முதுகுல எர்த் ஒயர் வைக்கணும்னா மட்டும் அது பத்தாது, அந்த உலோக மூடி சூட்டை முழுசா உறிஞ்சிக்கும், 40, 60 வாட் எடுத்து, வைக்கிற இடத்தை உப்புத்தாளால லேசா சுரண்டிட்டு, சீக்கிரமா வச்சு சீக்கிரமா எடுத்துடணும், நின்னு நிதானமா சூடு பண்ணினா உள்ள இருக்கிற கார்பன் தடம் கெட்டுப் போயிடும்.

பேட்டரில ஓடுற ஆக்டிவ் பிக்கப் வச்சிருக்கவங்க மொதல்ல 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்க, எல்லாத்துக்கும் முன்னாடி. பேட்டரி இறங்கும்போது சவுண்ட் ஒரேயடியா போகாது, கரகரன்னு உடையும், பலமா அடிச்சா கட் ஆகும், லேசா வாசிச்சா வரும். அந்த கிடார்ல ஜாக் ஸ்டீரியோ டைப், கேபிள் சொருகினா தான் பேட்டரி ஆன் ஆகும், அதனால வாசிச்சு முடிச்சதும் கேபிளை எடுத்துடுங்க, சொருகியே வச்சா ராத்திரி பூரா பேட்டரி ஓடிட்டே இருக்கும். ஜாக் மாத்தும்போது சாதா மோனோ ஜாக் போட்டுட்டா ஆன் ஆஃப் பண்ற வழியே போயிடும், கடைல கொடுத்தா இதைச் சொல்லியே கொடுங்க.

எர்த் பத்தி சொல்லாம முடிக்க மாட்டேன், இது சவுண்டை விட பெரிய விஷயம். தெரு மேடைல ஜெனரேட்டர்லயோ கம்பத்துல இருந்து இழுத்த லைன்லயோ கச்சேரி நடக்கும், எர்த் குச்சி அடிச்சிருக்காங்களான்னு யாரும் கேக்குறதில்ல. கிடார் கம்பி எல்லாம் ஆம்ப்போட எர்த்தோட தான் சேர்ந்திருக்கு, கையில கம்பி, உதட்டுல மைக், ரெண்டும் வேற வேற லைன்ல இருந்து ஒண்ணு எர்த் தப்பா இருந்தா நடுவுல நீங்க தான். 1972ல ஸ்டோன் தி குரோஸ் பேண்டோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ்ல ஸ்வான்சீங்கிற ஊர்ல, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரை விட்டார். அதனால ஹம் வருதுன்னு சொல்லி மூணு பின் பிளக்குல எர்த் பின்னை உடைக்கிற வேலையை எக்காரணம் கொண்டும் செய்யாதீங்க, யாராவது செஞ்சு கொடுத்தாலும் வாங்காதீங்க. ஹம்மைக் குறைக்கணும்னா கிடார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தி அனுப்புற டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது சிக்னல் லைனோட எர்த்தை மட்டும் பிரிக்கும், அது பாதுகாப்பானது. பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக் தலையை டெஸ்டரால ஒரு தடவை தொட்டுப் பாருங்க, லைட் எரிஞ்சா மைக் செட்காரர் கிட்ட சொல்லி லைனை மாத்துற வரைக்கும் ஏறாதீங்க.

பிக்கப் நிஜமாவே போறதும் உண்டு, இல்லைன்னு சொல்லல. அந்தக் கம்பியோட தடிமன் சுமாரா 0.06 எம்எம், வியர்வையும் உப்பும் உள்ள இறங்கினா அரிச்சு அந்துடும். சுவிட்ச்ல இருந்து பிக்கப் ஒயரைப் பிரிச்சு நேரா பிக்கப் ஒயர் ரெண்டுலயும் மீட்டர் வச்சுப் பாத்தும் எந்த ரேஞ்ச்லயும் 1னே நின்னா அப்போ தான் பிக்கப் அந்துருக்குன்னு ஒத்துக்கணும். அப்பவும் பல நேரம் அந்து போறது காயிலுக்கு நடுவுல இல்ல, மெல்லிசு கம்பி வெளி ஒயரோட சேருற அந்த சால்டர் புள்ளியில தான், பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா முனை தெரியும், பொறுமையா ஒட்டிடலாம். உள்ளயே அந்துருந்தா அதே காந்தத்தை வச்சு புதுக் கம்பி சுத்திக் கொடுக்கிறவங்க இருக்காங்க, பழைய நல்ல கிடார்னா அப்படிச் சுத்திக்கிறது தான் என் ஆசை. எதுவா இருந்தாலும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சுவிட்ச் அஞ்சு இடத்துலயும் வர்ற ரீடிங்கை ஒரு பேப்பர்ல எழுதி கிடார் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. மூணு பிக்கப்பும் போச்சுன்னு சொன்னா அந்தப் பேப்பரை எடுத்து மேஜை மேல வச்சு, அவங்க மீட்டரையே கொண்டு வரச் சொல்லி உங்க முன்னாடி வச்சுக் காட்டச் சொல்லுங்க.